கப்பிலிருந்து கிராமுக்கு: சமையல் அளவுகளை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே பையிலிருந்த மைதாவை ஒரே கப்பில் மூன்று முறை அளந்து, ஒவ்வொரு முறையும் தராசில் வைத்துப் பார்த்தேன். கப்பைப் பைக்குள் விட்டு அள்ளியபோது 146 கிராம். ஸ்பூனால் எடுத்து மெல்லக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டியபோது 121 கிராம். முதலில் சலித்துவிட்டு, பிறகு அதே மாதிரி நிரப்பியபோது 109 கிராம். மூன்றுமே 'ஒரு கப் மைதா'தான். இரண்டு கப் கேட்கும் கேக்கில் முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையே 74 கிராம் வித்தியாசம் வந்துவிடும். ஒரு கேக் கல்லாக இறுகவும் இன்னொன்று நடுவில் அமுங்கவும் அது தாராளமாகப் போதும். செய்முறையைக் குறை சொல்கிறோம், அடுப்பைக் குறை சொல்கிறோம். பல நேரம் பிசகு கப்பில்தான் நடந்திருக்கும்.

அளவு மாற்றும் அட்டவணைகள் எத்தனையோ கிடைக்கின்றன. கீழே நானும் ஒன்று தருகிறேன். ஆனால் உங்கள் கப், உங்கள் கைப்பழக்கம், உங்கள் டப்பாவில் இருக்கும் மாவு ஆகிய மூன்றுக்கும் பொருந்துகிற அட்டவணையை நீங்கள்தான் தயாரிக்க முடியும். ஒரு மணி நேர வேலை அது. ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு கப், கொஞ்சம் தண்ணீர், ஒரு பேனா இருந்தால் போதும்.

எடையும் கொள்ளளவும் சந்திக்கும் இடம்

கிராம் எடையைச் சொல்கிறது. மில்லி, கப், ஸ்பூன் எல்லாம் பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தைச் சொல்கின்றன. இரண்டையும் இணைப்பது அடர்த்தி, அதாவது ஒரு மில்லி இடத்தில் எத்தனை கிராம் பொருள் இருக்கிறது என்ற எண். கணக்கு இவ்வளவுதான்:

எடை (கிராம்) = கொள்ளளவு (மில்லி) × அடர்த்தி

தண்ணீருக்கு இந்த எண் 1. அது தற்செயலாக அமைந்ததல்ல. 1795-இல் பிரான்சில் கிராமை வரையறுத்தபோதே, பனி உருகும் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை என்றுதான் வைத்தார்கள். ஒரு கன சென்டிமீட்டர் என்பது ஒரு மில்லி. அதனால்தான் இன்றும் சமையலறையில் 100 மில்லி தண்ணீர் 100 கிராம் காட்டுகிறது. அறை வெப்பத்தில் வரும் வித்தியாசம் 100-க்கு அரை கிராம்கூட இல்லை.

மற்ற பொருள்களுக்கு அடர்த்தி வேறு. சமையல் எண்ணெய் சுமார் 0.92, பால் 1.03, தேன் 1.42. திரவங்களுக்கு இந்த எண்களை நம்பி இருக்கலாம், ஏனென்றால் அவற்றுக்கு இடையில் காற்று கிடையாது. தூள்களும் பருப்பு போன்ற பொருள்களும் அப்படி இல்லை. ஒரு கப் மாவில் மாவும் இருக்கிறது, துகள்களுக்கு நடுவே நிறையக் காற்றும் இருக்கிறது. அழுத்தினால் காற்று போய் மாவு சேரும், சலித்தால் காற்று புகுந்து மாவு குறையும். எண் அலைபாய்வது இந்தக் காற்றால்தான்.

முதல் படி: செய்முறை எந்தக் கப்பைச் சொல்கிறது?

'கப்' என்பது உலகம் முழுக்க ஒரே அளவு இல்லை. அமெரிக்கக் கப் 236.6 மில்லி, நடைமுறையில் 240 என்று வைத்துக்கொள்வார்கள், அங்கே சத்து விவர லேபிள்களிலும் 240-தான். ஆஸ்திரேலியாவில் பயன்படும் மெட்ரிக் கப் 250 மில்லி. ஜப்பானியச் செய்முறைகளில் கப் 200 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப் பெரும்பாலும் 180 மில்லி. அது அரிசிக்கான பழைய ஜப்பானிய அளவு. அந்தக் கப்பை எடுத்து மாவு அளந்தால், அமெரிக்கச் செய்முறையில் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

டேபிள்ஸ்பூனிலும் இதே சிக்கல். பெரும்பாலான நாடுகளில் அது 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. டீஸ்பூன் மட்டும் எங்கேயும் 5 மில்லி.

'அவுன்ஸ்' என்ற சொல்தான் அதிகம் குழப்புவது. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, அமெரிக்காவில் 29.57 மில்லி, பிரிட்டனில் 28.41 மில்லி. பைண்ட் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்கப் பைண்ட் 16 திரவ அவுன்ஸ், 473 மில்லி. பிரிட்டிஷ் பைண்ட் 20 திரவ அவுன்ஸ், 568 மில்லி. பவுண்டில் மட்டும் குழப்பம் இல்லை: 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில சேர்ந்து அதை 0.45359237 கிலோ என்று ஒரே மாதிரி முடிவு செய்துவிட்டன. சமையலுக்கு 454 கிராம்.

செய்முறை எந்த நாட்டுடையது என்று எழுதியிருக்காவிட்டால் குறிப்புகளைப் பாருங்கள். அடுப்பு வெப்பம் ஃபாரன்ஹீட்டில், வெண்ணெய் 'ஸ்டிக்' கணக்கில் இருந்தால் அமெரிக்கக் கப். ஒரு ஸ்டிக் 113 கிராம், அதாவது அரை கப், எட்டு டேபிள்ஸ்பூன். செல்சியஸும் கப்பும் சேர்ந்து வந்தால் 250 மில்லியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு ஆறுதலும் உண்டு. எல்லாப் பொருளையும் ஒரே கப்பால் அளந்தால், கப் பெரிதோ சிறிதோ விகிதம் மாறாது. பிரச்சினை முளைப்பது கப்பால் அளக்காத பொருள்களில்: முட்டை, பாக்கெட்டாகச் சேர்க்கும் ஈஸ்ட், ஸ்பூனில் போடும் உப்பு. 240 மில்லி கப்புக்கு எழுதியதை 200 மில்லி கப்பில் அளந்தால், மூன்று முட்டை மூன்றாகவே இருக்கும், மாவு மட்டும் ஆறில் ஒரு பங்கு குறையும். கலவை நீர்த்துப்போவது அங்கேதான்.

இரண்டாம் படி: உங்கள் கப்பை எடை போடுங்கள்

கப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். காலிக் கப்பைத் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்கும் 'டேர்' பட்டனை அழுத்துங்கள். கப்பைத் தராசிலேயே வைத்து, விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றுங்கள். கடைசிச் சொட்டுகளை ஸ்பூனால் விடுங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேலே குமிழ் மாதிரி எழும்பினால் அதிகமாகிவிட்டது என்று பொருள், கொஞ்சம் எடுத்துவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மில்லி. டேபிள்ஸ்பூனுக்கும் இதே சோதனைதான், ஆனால் ஒரு ஸ்பூன் தண்ணீரை எடை போட்டால் தெளிவு கிடைக்காது. பத்து ஸ்பூன் ஊற்றி, வந்ததைப் பத்தால் வகுங்கள்.

தராசே சரியா என்ற சந்தேகம் வந்தால், மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு நல்ல சாட்சி. அதில் 10 மில்லி கோடு வரை தண்ணீர் எடுத்து, பத்து முறை ஒரு கிண்ணத்தில் விட்டால் தராசு 100-ஐ ஒட்டி நிற்க வேண்டும். தராசைச் சமமான, ஆடாத இடத்தில் வையுங்கள். பாதிக் கால் துணிமேலும் பாதிக் கால் மேடைமேலும் இருந்தால் எண் தடுமாறும்.

கைப்பிடியும் மூக்கும் வைத்த கண்ணாடி அளவுக் கப் திரவத்துக்கானது. அதைக் கையில் தூக்கிப் பார்க்காமல், மேடையில் வைத்து, குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு பொருளும் உங்கள் கையில் எவ்வளவு?

இப்போது அந்தக் கப்பில் ஒவ்வொரு பொருளாக நிரப்பி எடை பாருங்கள். ஒரே பொருளை மூன்று முறை அளந்து, நடுவில் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் நெருக்கமாக இருந்தால் உங்கள் கை ஒரே சீராக இயங்குகிறது.

மாவுக்கு ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து விலகாமல் இருங்கள். நான் சொல்வது ஸ்பூனால் போட்டுத் தலைதட்டும் முறை. முதலில் டப்பாவிலேயே மாவை முள்கரண்டியால் கிளறிவிடுங்கள், பல நாள் இருந்து அமுங்கியிருக்கும். பிறகு ஸ்பூனால் மெல்லப் போட்டு, விளிம்புக்கு மேலே குவியும் வரை நிரப்புங்கள். கப்பைத் தட்டாதீர்கள், ஆட்டாதீர்கள். ஒரு தட்டுத் தட்டினாலே மாவு கண்ணெதிரே இறங்குவதைப் பார்க்கலாம். கத்தியின் நேரான முதுகால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள்.

240 மில்லி கப்புக்கு, நிரப்பும் பழக்கத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின்னாக இந்த எண்கள் வரும்:

மைதா, ஸ்பூனால் போட்டுத் தலைதட்டியது: 120 கிராம்
வெள்ளைச் சர்க்கரை: 200
பிரவுன் சுகர், அழுத்தி நிரப்பியது: 213 முதல் 220
பொடித்த சர்க்கரை: 115 முதல் 120
கோக்கோ தூள்: 85
ஓட்ஸ்: 80 முதல் 100
வேகாத அரிசி: 185 முதல் 200
வெண்ணெய்: 227
எண்ணெய்: 220
பால்: 247
தேன்: 340

இதில் ஓட்ஸுக்கும் அரிசிக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்றால், துகளின் வடிவம். நீள அரிசி குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து இடைவெளி விடும், அதனால் 185-ஐ ஒட்டி வரும். குட்டை அரிசி நெருங்கி அடங்கும், 200-ஐத் தொடும். பிரவுன் சுகர் இன்னும் மோசம்: அழுத்தாமல் போட்டால் ஒரு கப் 145 கிராம்தான் வரும். அதனால்தான் நல்ல செய்முறைகள் 'அழுத்தி' என்று கூடவே எழுதியிருக்கும். கப்பைக் கவிழ்த்தால் மணல்வீடு மாதிரி கப்பின் வடிவத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் அழுத்தியதற்கு அடையாளம்.

சர்க்கரையைப் பற்றிக் கவலை வேண்டாம். படிகம் உருண்டு தானாக இடம் பிடித்துக்கொள்ளும். எப்படி நிரப்பினாலும் எண் பெரிதாக மாறாது.

ஒரு செய்முறையை முழுக்க மாற்றிப் பார்ப்போம்

அமெரிக்கக் கப்பில் எழுதிய ஒரு சாக்லேட் கேக் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மைதா இரண்டே கால் கப், சர்க்கரை முக்கால் கப், கோக்கோ மூன்றில் ஒரு கப், வெண்ணெய் ஒரு ஸ்டிக், எண்ணெய் கால் கப், பால் ஒரு கப், உப்பு அரை டீஸ்பூன்.

மைதா 2.25 × 120 = 270 கிராம். சர்க்கரை 0.75 × 200 = 150. கோக்கோ 85-ஐ மூன்றால் வகுத்தால் 28. வெண்ணெய் 113. எண்ணெய் 220-இல் கால் பங்கு, 55. பால் 247. உப்பு 3 கிராம். இந்த எண்களைச் செய்முறைக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த முறை கப்பே தேவையில்லை. ஒரே கிண்ணத்தைத் தராசில் வைத்து, ஒவ்வொன்றையும் போட்டதும் டேர் அழுத்தி, அடுத்ததைப் போட்டுக்கொண்டே போகலாம். கழுவுவதற்கும் ஒரே கிண்ணம்தான்.

இதே மைதாவைக் கப்பால் அள்ளியிருந்தால் 2.25 × 146, அதாவது 328 கிராம் போயிருக்கும். 58 கிராம் கூடுதல், ஏறக்குறைய அரை கப். ஒருமுறை செய்து பார்த்த பிறகு கேக் வறண்டிருந்தால், எழுதியவர் அள்ளிப் போடும் பழக்கம் உள்ளவரா, ஸ்பூனால் போடுபவரா என்று யோசித்து அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்துங்கள். கிராமில் எழுதிவைத்திருப்பதால்தான் இப்படித் திருத்த முடிகிறது. 'இந்த முறை கொஞ்சம் குறைவாக' என்று எழுதியிருந்தால் அடுத்த முறைக்கு உதவாது.

கிராமிலிருந்து கப்புக்கு

தராசு இல்லாத இடத்தில் இந்தத் திசையில் போக வேண்டிவரும். எடையை ஒரு கப்பின் எடையால் வகுக்கணும், அவ்வளவுதான். சிரமம் வருவது மீதியில். 350 கிராம் மைதா என்றால் 350 ÷ 120 = 2.92 கப். இதை யாராலும் அப்படியே அளக்க முடியாது. இரண்டு கப், கூட முக்கால் கப், மொத்தம் 2.75. மிச்சம் 0.17 கப். ஒரு கப்பில் 16 டேபிள்ஸ்பூன் இருப்பதால் 0.17-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: சுமார் 2.7 டேபிள்ஸ்பூன். ஒரு டேபிள்ஸ்பூனில் மூன்று டீஸ்பூன். ஆகவே இரண்டு கப், முக்கால் கப், இரண்டு டேபிள்ஸ்பூன், இரண்டு டீஸ்பூன்.

16 என்ற கணக்கு 240 மில்லி கப்புக்கும் 15 மில்லி ஸ்பூனுக்கும் உரியது. 250 மில்லி கப்பில் 16 ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே போகும். ஆஸ்திரேலிய 20 மில்லி ஸ்பூன் என்றால் ஒரு கப்புக்குப் பன்னிரண்டரை.

ஸ்பூன் அளவில் உப்பு

கால் கப் மாவு கூடினால் கேக்தான் கெடும். உப்பு கூடினால் தட்டையே தள்ளிவைக்க வேண்டியதுதான். அதனால் உப்பைத் தனியாகச் சொல்கிறேன்.

சாதாரணத் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் உப்பு அதே ஸ்பூனில் 3 கிராம்கூட வரலாம். கல் உப்பு அதன் பருமனைப் பொறுத்து இடையில் எங்காவது நிற்கும். செதில் உப்புக்கு எழுதிய செய்முறையில் அதே ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் இரட்டிப்பு உப்பு. எடையில் போட்டால் எந்த உப்பும் உப்புதான். 6 கிராம் எந்த வடிவத்திலும் 6 கிராம். இதற்காகவே உங்கள் வீட்டு உப்பை ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். பத்துத் தலைதட்டிய டீஸ்பூன் போட்டு, பத்தால் வகுங்கள்.

மற்றச் சிறு அளவுகள்: பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் 4 முதல் 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், சர்க்கரை 4 கிராம். இவற்றை ஒரு கிராம் துல்லியமுள்ள சாதாரணத் தராசில் நிறுப்பதைவிட ஸ்பூனில் அளப்பதே மேல். 3 கிராமில் ஒரு கிராம் பிசகினால் அது மூன்றில் ஒரு பங்கு. தவிர, மெல்ல மெல்லத் தூவும்போது சில தராசுகள் கூடும் எடையைக் கவனிக்காமல் அதே எண்ணில் நின்றுவிடும். சின்ன அளவுகளையும் நிறுத்தே ஆகணும் என்றால் 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டும் பொருள்களும் கட்டிப் பொருள்களும்

தேனைக் கப்பில் அளந்தால் ஒரு பகுதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். தேன் பாட்டிலை அப்படியே தராசில் வைத்து டேர் அழுத்துங்கள். பாட்டிலை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, திரும்பத் தராசில் வையுங்கள். கால் கப் தேன் வேண்டுமென்றால் தராசு −85 காட்டும் வரை ஊற்ற வேண்டும். எவ்வளவு வெளியே போனது என்பதைத் தராசு சொல்கிறது, எதில் எவ்வளவு ஒட்டியது என்ற கவலையே இல்லை. நிலக்கடலை வெண்ணெய், தயிர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

தராசில்லாமல் கட்டி வெண்ணெயை அளக்க ஒரு பழைய உபாயம். அளவுக் கப்பில் அரை கப் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, தண்ணீர் ஒரு கப் கோட்டைத் தொடும் வரை வெண்ணெய்த் துண்டுகளைப் போடுங்கள். வெண்ணெய் மிதக்கும், ஸ்பூனால் அதைத் தண்ணீருக்குள் முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பாருங்கள். தண்ணீரை வடித்தால் கையில் அரை கப் வெண்ணெய்.

முட்டையிலும் பாதி கேட்கும் சமயம் உண்டு. ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம். அடித்துக் கலக்கி, 25 கிராம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஏமாற்றும் இடங்கள்

'சலித்த மைதா ஒரு கப்' என்பதும் 'மைதா ஒரு கப், சலித்துக்கொள்ளவும்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் சலித்த பிறகு அளக்க வேண்டும், இரண்டாவதில் அளந்த பிறகு சலிக்க வேண்டும். பத்து கிராமுக்கு மேல் வித்தியாசம் வரும். 'நறுக்கிய முந்திரி ஒரு கப்', 'முந்திரி ஒரு கப், நறுக்கியது' இரண்டுக்கும் இதே கதை. நறுக்கினால் துண்டுகள் நெருங்கி உட்கார்ந்து கப்பில் அதிகம் கொள்ளும்.

'அரிசி ஒரு கப்' என்று படித்ததும் வேகாததா, வெந்ததா என்று பாருங்கள். வெந்த சோற்றின் எடையில் பெரும்பங்கு அது குடித்த தண்ணீர், அதை அரிசிக் கணக்கில் மாற்ற முடியாது. கீரை, கொத்தமல்லி போன்ற இலைகளை எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பொறுத்துக் கப் அளவு மடங்கு கணக்கில் மாறும். அங்கே எடை இல்லாவிட்டால் ருசி பார்த்துப் போடுவதே நியாயம்.

இணையத்தில் அளவு மாற்றும் கருவியைப் பயன்படுத்தினால், அது பொருளின் பெயரைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரே கேட்காமல் கப்பைக் கிராமாக மாற்றித் தந்தால், அது தண்ணீருக்கான கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு கப் மைதா 240 கிராம் என்று வரும், உண்மையில் இருப்பதுபோல் இரண்டு மடங்கு. பெயர் கேட்டால், அடுத்து எந்தக் கப் என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள்.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன உங்கள் சொந்த அட்டவணை. உங்கள் எண்களை ஒரு தடித்த அட்டையில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மேலே முதல் வரியில் உங்கள் கப் எத்தனை மில்லி, ஸ்பூன் எத்தனை மில்லி என்று எழுதுங்கள். மாவு, உப்பு, கோக்கோ, ஓட்ஸ் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பிராண்டையும் எடை போட்ட தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு பிராண்டு வாங்கும் நாளில் பையைப் பிரித்ததும், டப்பாவில் கொட்டுவதற்கு முன், ஒரு கப் நிரப்பித் தராசில் வைத்துவிட்டு, பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதுங்கள்.